வாய் விரிந்த ஸ்பேனருக்கு யார் பொறுப்பு?

கேள்வி: பல வருடங்களாக ஒரே பிராண்டு ஸ்பேனர்தான் வாங்குகிறேன். தயாரிப்பை வேறு நாட்டுக்கு மாற்றிய பிறகு வாங்கிய 13 மி.மீ. ஸ்பேனர், ஆறே மாதத்தில் வாய் விரிந்து போல்ட் தலையின் முனைகளையும் மழுக்கி உருட்டிவிட்டது. வெளிநாட்டில் செய்தாலே இப்படித்தானா?

பதில்: நாட்டின் மேல் பழி போடாதீர்கள். ஒரே பட்டறையில் மூன்று கம்பெனிகளுக்கு மூன்று தரத்தில் சரக்கு போவது சாதாரணம். எந்த உருக்கு, எவ்வளவு கடினம், நூற்றுக்கு எத்தனை சோதிப்பது என்று எழுதிக் கொடுப்பது, பெயர் பொறிக்கும் கம்பெனிதான். அதில் கஞ்சத்தனம் செய்தால் உங்கள் கையில் தெரியும்.

வாய் விரிந்தால் பெரும்பாலும் தோய்ச்சல் சரியில்லை என்று அர்த்தம். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்த உருக்கு, கண்ணாடி மாதிரி கடினமாகிவிடும். மறுபடி மிதமாகச் சூடாக்கினால்தான் முறுக்கைத் தாங்கும். நல்ல ஸ்பேனர், உருக்கின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் ‘சி’ அளவில் ஏறக்குறைய 40 முதல் 48 வரை நிற்கும். ரொம்ப இறங்கினால் விரியும், ரொம்ப ஏறினால் பட்டென்று ஒடியும். உலையில் அவசரமாகக் குவித்துப் போட்டால் நடுவில் கிடப்பவைக்குச் சூடு சரியாக ஏறாது. அதனால்தான் முதலில் காட்டும் மாதிரி அருமையாக இருக்கும், பின்னால் வரும் சரக்கு கோளாறு செய்யும். ‘குரோம் வனேடியம்’ என்ற எழுத்து உருக்கின் பெயரைத்தான் சொல்லும். தோய்ச்சலைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

வெர்னியரில் (நுண்ணளவு காட்டும் அளவுகோலில்) அளந்து பாருங்கள். நல்ல தர எம்8 (8 மி.மீ. தண்டு) போல்ட்டின் தலை 12.73 முதல் 13.00 மி.மீ. வரை இருக்கும். ஸ்பேனர் வாய் 13ஐவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பது சரி. 13.4 காட்டினால் அது தலையின் பக்கத்தைப் பிடிக்காது, முனையில்தான் ஏறும். தலை மழுங்காமல் என்ன செய்யும்?

கேள்வி: போல்ட் தலைமேல் குப்பி மாதிரி மாட்டித் திருகும் சாக்கெட் பிளந்துவிட்டது. ஆயுள் உத்தரவாதம் உண்டு. ஆனால் கம்பெனி, ‘தவறாகப் பயன்படுத்தினீர்கள்’ என்கிறது.

பதில்: இம்பாக்ட் கன்னில் (அடித்து அடித்துத் திருகும் இயந்திரத்தில்) பளபளக்கும் குரோம் சாக்கெட்டைப் போட்டிருந்தால் அவர்கள் சொல்வது நியாயம். அதற்குக் கறுப்பு நிற, தடித்த சாக்கெட் தனியாக உண்டு.

கையால் திருகும் பிடியான ரேட்செட்டில் மாட்டித்தான் உடைந்தது என்றால், துண்டுகளைப் பொருத்திப் பார்க்காதீர்கள். முறிந்த முகம் உரசினால் சாட்சி அழிந்துவிடும். உலர்ந்த துணியில் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள். முகம் முழுக்கப் புதுச் சாம்பல் நிறம் என்றால், அப்போதுதான் பிளந்தது. ஓரத்தில் கருத்த திட்டு தெரிந்தால், தோய்ச்சலின்போதே விரிசல் விழுந்து அடுத்த சூட்டில் கருத்திருக்க வாய்ப்பு அதிகம். அது உங்கள் தவறு இல்லை. கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்து, பேட்ச் எண்ணோடு (ஒரே தடவையில் செய்த சரக்குக்கு இடும் எண்) அனுப்பி, கடினச் சோதனை முடிவை எழுத்தில் கேளுங்கள்.

‘செய்தது வேறு பட்டறை’ என்ற பதிலை ஏற்க வேண்டாம். பெயர் யாருடையதோ, பொறுப்பும் அவர்களுடையது. புதிது ஒன்று கொடுப்பதோடு கடமை முடியாது. அதே பேட்ச்சில் விற்ற மற்றவற்றையும் அவர்கள் சோதிக்க வேண்டும்.

கேள்வி: முறுக்கும் விசையை அளவாக வைத்துத் திருகும் டார்க் ரெஞ்சோடு வரும் சான்றிதழை நம்பலாமா?

பதில்: அதிலுள்ள வரிசை எண் கருவியில் பொறித்த எண்ணோடு ஒத்துப்போனால் நம்பலாம். வைத்த அளவில் ‘கிளிக்’ சொல்லும் சாதாரண ரெஞ்சுக்கு, 10 நியூட்டன் மீட்டருக்கு (முறுக்கு விசையின் அலகு) மேல் ±4 சதவீதம்தான் பிழை இருக்கலாம். 5,000 முறை அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அப்போது மறுபடி சோதியுங்கள்.