மேசை நடுவே ஒரு மண்சட்டி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

வைகாசியில் எங்கள் முதல் திருமண நாள். ஓட்டலுக்குப் போகாமல் வீட்டிலேயே இரண்டு பேரும் சாப்பிடலாம் என்று இருக்கிறோம். மேசை நடுவில் வைக்க இயற்கையான பொருட்களால் நானே ஏதாவது செய்ய ஆசை. பூக்கடையில் விற்கும் பச்சை ஸ்பாஞ்சில் சிவப்பு ரோஜாவை இதய வடிவில் குத்தி, சுற்றிலும் எங்கள் வீட்டு அரளியை வைக்கலாமா? மூன்று நாளாவது வாடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

– ஒரு வாசகர், கோவை

அன்புள்ள தம்பி,

கடையில் வாங்காமல் கையால் செய்யத் தோன்றியதே, அதுவே பெரிய பரிசு. ஆனால் உங்கள் கடைசி வரி என்னைச் சும்மா விடவில்லை. பூ என்றாலே எத்தனை நாள் தாங்கும் என்றுதான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். சில நாளாக மனதை அரித்துக்கொண்டிருந்த விஷயம், உங்கள் கடிதத்திலும் வந்து நிற்கிறது.

மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன். அரளி சாப்பாட்டு மேசைப் பக்கமே வரக் கூடாது. இலை, பூ, தண்டு எல்லாம் நஞ்சு. திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு 2024-இல் அதை நைவேத்தியத்திலிருந்தும் பிரசாதத்திலிருந்தும் விலக்கிவிட்டது. நீங்கள் குழம்புக்குப் பக்கத்தில் வைக்கப் பார்க்கிறீர்கள்! செங்காந்தளும் அப்படித்தான், அழகைப் பார்த்து ஏமாறாதீர்கள். பச்சை ஸ்பாஞ்சு வெறும் பிளாஸ்டிக். மட்காது, உதிர்ந்து தண்ணீரோடு போகும். ரோஜா உங்கள் இஷ்டம்.

இனி அந்த மூன்று நாள். மூன்று நாளும் ஒரே மாதிரி நிற்கும் பூவை எதற்கு அந்த ஒரு ராத்திரிக்குக் கொண்டுவருகிறீர்கள்? மல்லிகை மொட்டை வையுங்கள். விடிகாலையில் பறித்த மொட்டு பகலெல்லாம் வாய் திறக்காது. பொழுது சாய்ந்ததும் நுனி இளகும்; ஒன்றன்மேல் ஒன்று சுற்றிக் கிடந்த இதழ்கள் ஒவ்வொன்றாகப் பிரியும்; கண் கவனிப்பதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும். மலரப்போகும் மொட்டுக்குத் தமிழில் ‘போது’ என்று பெயர். நேரத்துக்கும் அதே சொல். இலை போடும்போது மொட்டாக இருந்தது கை கழுவி வரும்போது பூவாக இருக்கும். உங்கள் இருவர் கண் முன்னாலேயே நடக்கும். வைகாசி மல்லிக்கு நல்ல பருவம், மாசியில் கேட்டிருந்தால் இத்தனை உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

உதிரியாக 50 கிராம் போதும். அதற்கு மேல் போனால் மூடின அறையில் தலை வலிக்கும், சாப்பாட்டு வாசனையும் தெரியாது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி கிடைத்தால் நல்லது, இதழ் தடிப்பு. இல்லையென்றால் உங்கள் பக்கத்துச் சத்தியமங்கலத்து மல்லிக்கு என்ன குறை? மொட்டு திரண்டு வெள்ளையாக இருக்க வேண்டும். பச்சை ஓடிய பொடி மொட்டு மலராமலே வாடும். பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் புழுங்கிப் பழுப்பாகும். வாழையிலையில் பொதிந்து நிழலில் வையுங்கள். சாயங்காலம் வரை ஃப்ரிட்ஜில் வைத்தால் மலர்ச்சி தள்ளிப்போய், நீங்கள் தூங்கின பிறகு மலரும்.

1 அடி அகலமும் 3 அங்குல உயரமும் உள்ள மண்சட்டி வாங்குங்கள். அதைவிட உயரமானால் எதிரே இருப்பவர் முகம் மறையும். புதுச் சட்டியை முந்தின ராத்திரியே தண்ணீரில் ஊறப்போடுங்கள், இல்லாவிட்டால் மணலில் இருக்கும் ஈரத்தையெல்லாம் அது குடித்துவிடும். ஊறின சட்டி வியர்க்கும். மர மேசையில் கறை விழாமல் அடியில் ஒரு தட்டு வேண்டும். கழுவின ஆற்றுமணலை 2 அங்குலம் நிரப்பி, பிடித்தால் பிடி நிற்கிற அளவு ஈரமாக்குங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கின தண்ணீரில் கிடந்தால் மல்லி பழுப்பேறும். சட்டி வியர்க்க வியர்க்க மணல் குளிர்ந்திருக்கும், அந்தக் குளிர்ச்சிதான் மொட்டைத் தாங்கும்.

மணல்மேல் வாழையிலையை வட்டமாக நறுக்கிப் போடுங்கள். அதன்மேல் நன்றாகக் கழுவித் துடைத்த கொழுந்து வெற்றிலை ஒன்பது, காம்பு உள்ளே, நுனி வெளியே. இதய வடிவம் கேட்டீர்களே, வெற்றிலையைவிட நல்ல இதய வடிவம் எங்கே கிடைக்கும்? நடுவில் மொட்டுகளைப் பரப்புங்கள். குவித்தால் அடியில் இருப்பவை வெந்துபோகும்.

சட்டிக்கு வெளியே, பூவிலிருந்து ஒரு சாண் தள்ளி, நல்லெண்ணெய் ஊற்றின அகல் இரண்டு. நெருக்கி வைத்தால் சூட்டில் இதழ் ஓரம் கருகும். திரி ஒரு நெல் நீளம் வெளியே இருந்தால் போதும், கூடினால் புகையும். மின்விசிறியை மெதுவாக ஓட விடுங்கள். வேகக் காற்றில் சுடரும் நிற்காது, பூவும் சீக்கிரம் சோரும்.

சாப்பிட்டு முடித்ததும் சட்டியிலிருந்தே இரண்டு வெற்றிலை எடுங்கள். காம்பைக் கிள்ளி, பின்பக்க நரம்பை உரித்து, கொஞ்சம் சோம்பும் கல்கண்டும் வைத்து மடித்து அவர் கையில் கொடுங்கள். பாக்கு வேண்டாம். உடம்புக்குக் கெடுதல்.

மறுநாள் பூ பழுப்பாகியிருக்கும். அதையும் வாழையிலையையும் அந்த அரளிச் செடி அடியில் போட்டுவிட்டு, சட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.

அன்புடன்.