ஆசிரியரைக் கேளுங்கள்: நாம் ஏன் இந்த மலையில்?

கேள்வி: மகள் தரம் 10 படிக்கிறாள். புவியியல் புத்தகத்தில், சமவெளியிலும் ஆற்றோரத்திலும்தான் மக்கள் அதிகம் குடியிருப்பார்கள் என்று இருக்கிறதாம். "அப்போ நாம ஏன் இந்தச் செங்குத்து மலையில இருக்கோம்?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது, சேர்?
– ஒரு தாய், பொகவந்தலாவை (இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதி)

பதில்: நல்ல கேள்வி, தங்கச்சி. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்து புவியியல் படிப்பித்தவன் நான். இதைக் கேட்கிற பிள்ளை என்றால் எனக்குத் தனிப் பிரியம்.

புத்தகத்தில் உள்ளது சரிதான். எகிப்தில் பெரும்பாலானோர் நைல் நதியை ஒட்டித்தான் வாழ்கிறார்கள். ஆனால் வெப்ப நாடுகளில் குளிர்ச்சிக்காக மலையிலும் பெருநகரங்கள் உண்டு. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கு மேலே இருக்கிறது. நம் நுவரெலியாவை விட உயரம்.

நம் கதை வேறு. கண்டி இராச்சியக் காலத்துக் கிராமங்கள் பள்ளத்தாக்கில், வயலோரமாக இருந்தன. மேல் மலைகள் பெரும்பாலும் காடு. அப்புறம் வெள்ளைக்காரர் கோப்பி போட்டார்கள். கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில்தான் ஆள் நிறையத் தேவை. தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் பலர், வேலை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. கோப்பி அழிய, தேயிலை வந்தது.

நம்மை இங்கே நிறுத்தியது தேயிலைதான். அது வருஷம் முழுக்கத் துளிர்க்கும். ஏழு முதல் பத்து நாளுக்கு ஒரு தடவை அதே மலையில் கொழுந்து எடுக்க வேண்டும். எடுத்தது அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போக வேண்டும். அதனால் ஆட்களைக் குடும்பம் குடும்பமாக மலையடியிலேயே வைத்துக்கொண்டார்கள்.

மகளோடு வாசலில் நின்று பாருங்கள். காற்றோட்டமான மேட்டில் துரை (தோட்ட நிர்வாகி) பங்களா. மலைக்கும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும் நடந்து போகிற தூரத்தில், பீலித் (மலை ஊற்றுக் குழாய்) தண்ணீருக்குக் கிட்ட, லயம். இடம் பார்த்தது நம் பாட்டன் பூட்டன் இல்லை, தோட்டம். சரிவுக்கு நேர் கீழே இன்றும் லயங்கள் இருப்பது அதனால்தான். 2014 ஒக்டோபரில் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியதே, அதை என்னால் மறக்க முடியவில்லை. ஆபத்தான இடத்தில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாதுகாப்பான காணி, சொந்தப் பெயரில் காணி உறுதிப் பத்திரத்தோடு கிடைக்க வேண்டும்.

பரீட்சையில் மண், மழை, காலநிலையோடு நிறுத்திவிடாமல், பெருந்தோட்டப் பயிர், குடியேற்ற ஆட்சி, 1885இல் நானுஓயாவுக்கும் 1924இல் பதுளைக்கும் வந்த ரயில்பாதை ஆகியவற்றையும் மனிதக் காரணிகளாக எழுதச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு உங்கள் டிவிசனையே (தோட்டப் பிரிவையே) எழுதட்டும்.