ஸ்டீயரிங் லைட் எரிந்து அணைகிறது, ‘ஒன்றுமில்லை’ என்கிறார்கள்!
வாகனம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஏழரை லட்சம் கொடுத்துக் கார் வாங்கி இருபது மாதம் ஆகிறது. 24,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வாரண்டி இரண்டு வருடம். சில மாதங்களாக, காலையில் வண்டியை எடுத்துத் தெருமுனையில் திருப்பும்போது ஸ்டீயரிங் திடீரென்று கல்லாகிவிடுகிறது. மீட்டரில் ஸ்டீயரிங் படமும் ஆச்சரியக்குறியும் மஞ்சளாக எரிகின்றன. நிறுத்தி, சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. சர்வீஸ் சென்டரில் மூன்று முறை விட்டேன். மூன்று முறையும் வீல் அலைன்மென்ட், பேலன்சிங் செய்து, அதற்குப் பணமும் வாங்கிக்கொண்டு, ‘இப்ப ஒண்ணும் இல்லை மேடம்’ என்று அனுப்பிவிட்டார்கள். வாரண்டி முடிவதற்குள் புது வண்டியாகவே கேட்க முடியுமா?
- ஓர் ஆசிரியை, ஒட்டன்சத்திரம்

பதில்: உங்கள் கோளாறுக்கும் அலைன்மென்டுக்கும் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) சம்பந்தமே இல்லை. அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும். சாவியை அணைத்துப் போட்டதும் அது சரியாகிவிடாது. லைட் எரிகிறது என்று சொன்ன வண்டிக்கு மூன்று தடவை அலைன்மென்ட் பில் போட்டது தவறு. அந்தப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், எழுத்திலேயே கேளுங்கள்.

இப்போதைய சிறிய கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கை கொடுப்பது ஒரு மின் மோட்டார். நீங்கள் எவ்வளவு முறுக்குகிறீர்கள் என்பதை ஸ்டீயரிங் தண்டில் உள்ள சென்சார் பார்த்துச் சொல்ல, கண்ட்ரோல் யூனிட் அதற்கேற்ப மோட்டாரை ஓட்டும். வருகிற சிக்னல் சந்தேகமாக இருந்தால் யூனிட் மோட்டாரை நிறுத்திவிடும். மோட்டார் தவறான பக்கம் திருப்பிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. மறுபடி சாவி போடும்போது எல்லாவற்றையும் புதிதாகச் சோதிக்கும். சரியாக இருந்தால் மோட்டார் வேலை செய்யத் தொடங்கும். உங்களுக்கு நடப்பது இதுதான். அந்த நேரத்தில் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள இரும்புத் தொடர்பு அறுந்துவிடுவதில்லை. இரண்டு கையாலும் பலமாகத் திருப்பினால் வண்டி திரும்பும். வேகம் குறையக் குறைய இன்னும் கனக்கும், அதையும் எதிர்பார்த்தே ஓரங்கட்டுங்கள். சரிசெய்யும் வரை இந்த வண்டியில் மலைப்பாதைக்குப் போக வேண்டாம்.

காலையில் மட்டும் வருவது நல்ல தடயம். பேட்டரி பலவீனமாக இருந்தாலோ, டெர்மினல் தளர்ந்திருந்தாலோ, எர்த் ஒயர் சரியாகப் பிடிக்காவிட்டாலோ, ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் இறங்கி ஸ்டீயரிங் மோட்டார் நின்றுவிடலாம். முதலில் பேட்டரிக்கு லோடு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பேட்டரிக்குத் தனி வாரண்டி அட்டை இருக்கும், அதையும் கையோடு கொண்டுபோங்கள். அதெல்லாம் நன்றாக இருந்தால், கனெக்டர், சென்சார், யூனிட் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். இதில் பெரும்பாலும் தனித்தனியாக உதிரிபாகம் மாற்றமாட்டார்கள், ஸ்டீயரிங் தண்டுப் பகுதியை (column) முழு அசெம்பிளியாகத்தான் மாற்றுவார்கள். வாரண்டி முடிந்தபின் அதை உங்கள் கையிலிருந்து கொடுக்க நேர்ந்தால் பெரிய செலவு.

‘இப்போது ஒன்றும் இல்லை’ என்று அவர்கள் ஏன் சொல்கிறார்கள்? நான் பல வருடம் ஒரு சர்வீஸ் சென்டரில் வாரண்டி பிரிவைப் பார்த்தவன். டீலர் ஒரு பாகத்தை இலவசமாக மாற்றினால், கழற்றிய பாகத்தைப் பத்திரமாக வைத்து, போட்டோ, ஜாப் கார்டு (வண்டியை விடும்போது உங்கள் புகாரைப் பதியும் தாள்), ஸ்கேனர் காட்டிய கோடு (code, கோளாறுக் குறியீடு) எல்லாவற்றோடும் கம்பெனிக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஆதாரம் போதவில்லை என்று கம்பெனி தள்ளிவிட்டால் நஷ்டம் டீலருக்கு. அதனால் கண் முன்னே தெரியாத கோளாறு என்றால் தயங்குவார்கள். ஆகவே கோளாறை எழுத்தில் பதிய வைப்பதும், அவர்கள் கண்ணாலேயே பார்க்க வைப்பதும்தான் உங்கள் வேலை. சத்தம் போட்டுப் பயனில்லை.

உங்கள் பழைய ஜாப் கார்டுகளை எடுத்துப் பாருங்கள். ‘ஜெனரல் செக்கப்’ அல்லது ‘ஸ்டீயரிங் செக்’ என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்தத் தடவை சர்வீஸ் அட்வைசர் டைப் செய்யும்போது பக்கத்தில் நின்று, இப்படி எழுதச் சொல்லுங்கள்: ‘காலை முதல் ஸ்டார்ட்டில், மெதுவாகத் திருப்பும்போது ஸ்டீயரிங் கனத்துவிடுகிறது, ஸ்டீயரிங் வார்னிங் லைட் எரிகிறது, சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிறது, இதே புகார் நான்காவது முறை.’ நகல் வாங்காமல் நகராதீர்கள்.

லைட் அணைந்துவிட்டாலும் கோளாறின் கோடு பொதுவாக யூனிட்டின் நினைவில் பதிந்திருக்கும். பழைய கோடு என்று ஸ்கேனர் காட்டும். அதை அழித்துவிட்டு ‘நோ ஃபால்ட்’ என்று சொல்வதும் நடக்கிறது. அதனால் அழிப்பதற்கு முன் ஸ்கேனர் ரிப்போர்ட்டின் பிரிண்ட் வேண்டும் என்பதையும் ஜாப் கார்டிலேயே எழுத வையுங்கள். சேசிஸ் (ஸ்டீயரிங், பிரேக் போன்றவை) சம்பந்தப்பட்ட கோடு சி என்ற எழுத்திலும், யூனிட்டுகள் ஒன்றோடொன்று பேசாமல் போன கோடு யு என்ற எழுத்திலும் தொடங்கும்.

வண்டியை முந்தின நாள் மாலையே விட்டுவிட்டு, மறுநாள் காலை டெக்னீசியன் ஸ்டார்ட் செய்யும்போது நீங்களும் உடன் இருங்கள். மத்தியானம் சூடான வண்டியை ஓட்டிப் பார்த்தால் இந்தக் கோளாறு சிக்காது. வீட்டில் அது வரும்போது பக்கத்து சீட்டில் இருப்பவர் மொபைலில் வீடியோ எடுக்கட்டும். மீட்டரும், கை படும் பாடும் ஒரே காட்சியில் தெரிய வேண்டும்.

அப்புறமும் நகரவில்லையென்றால், கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஜாப் கார்டு, பில், வீடியோ எல்லாவற்றையும் இணைத்து, வாரண்டி முடிவதற்கு முன்பே அனுப்ப வேண்டும். வாரண்டிக் காலத்தில் பதிவான புகார் அது என்று பிறகு யாரும் மறுக்க முடியாது. வாரண்டி நீட்டிப்பு வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் பழைய வாரண்டி உயிரோடு இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

புது வண்டி கேட்கலாமா என்றால், இந்த நிலையில் கிடைப்பது கடினம். கார் வாரண்டி பழுதான பாகத்தைச் சரிசெய்ய அல்லது மாற்றித் தருவதற்குத்தான், முழு வண்டியை மாற்றுவதற்கு அல்ல என்று ஒரு மாருதி கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் சொல்லியிருக்கிறது. முறையாகப் பழுது பார்த்தும் தீராத உற்பத்திக் குறை என்று நிரூபித்தால் கதை வேறு. இப்போதைக்குப் பாகத்தை மாற்றித் தரவும், கட்டிய பில் தொகையைத் திருப்பித் தரவும் கேளுங்கள்.

அதுவும் மறுக்கப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கேயே மனு செய்யலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், டீலர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். உங்கள் வண்டி விலைக்குக் கட்டணம் 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. புகாருக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். குறையைக் கண்டறியச் சோதனை தேவையென்றால், அதற்கு அனுப்பும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு.

கேள்வி: நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங்கை லேசாக விட்டால் கார் இடது பக்கம் போகிறது. வாரண்டியில் கேட்கலாமா?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: மழைநீர் வடிவதற்காகச் சாலையை ஓரம் சரிவாகத்தான் போடுவார்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் கொஞ்சம் இடது பக்கம் போவது இயல்பு. சரிவில்லாத இடத்தில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் இழுத்தால் டயர் காற்றைச் சரிபார்த்து, முன் டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போடச் சொல்லுங்கள் (ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டிய டயர் என்றால் வேண்டாம்). இழுப்பு பக்கம் மாறினால் குறை டயரில், அதற்கு டயர் கம்பெனியின் வாரண்டிதான். மாறாவிட்டால் அலைன்மென்ட், பிரேக் பிடித்தபடி இருக்கிறதா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். அலைன்மென்ட் பொதுவாக வாரண்டியில் வராது.

கேள்வி: ஸ்டீயரிங் குறைக்காகச் சில கார்களைக் கம்பெனியே திரும்ப அழைத்ததாகச் சொல்கிறார்கள். நான் செகண்ட் ஹேண்டில் வாங்கியவன். எனக்கு எப்படித் தெரியும்?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: உண்மைதான். 2023 ஜூலையில் மாருதி, ஸ்டீயரிங் டை ராடில் (சக்கரத்தைத் திருப்பும் இணைப்புக் கம்பி) குறை இருக்கலாம் என்று எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ வண்டிகள் 87,599-ஐத் திரும்ப அழைத்தது. 2024 ஆகஸ்டில் ஸ்டீயரிங் கியர்பாக்ஸ் குறைக்காக 2,555 ஆல்டோ கே10 கார்களை அழைத்தது. பாகத்தை மாற்றும் வரை அவற்றை ஓட்ட வேண்டாம் என்றே சொன்னது. இப்படி அழைத்தால் சோதனையும் பாகமும் இலவசம். தானாக அழைக்காத கம்பெனியை அழைக்கச் சொல்லும் அதிகாரம், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவில் அரசுக்கு உண்டு.

கம்பெனி தகவல் அனுப்புவது தன்னிடம் பதிவான பெயருக்கும் எண்ணுக்கும்தான். செகண்ட் ஹேண்ட் வண்டியில் அது பழைய ஓனருடையதாக இருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் நம்பரைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், அல்லது எந்த சர்வீஸ் சென்டரிலும் கேளுங்கள். போன கையோடு உங்கள் மொபைல் எண்ணையும் அங்கே பதிந்துவிட்டு வாருங்கள்.