டயர் வாங்கும் முன் எடை மேடைக்குப் போங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் ஜேர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறோம். நாலு சில்லும் இழுக்கிற பழைய ராணுவ லொறி ஒன்றை வாங்கி, பின்னுக்குத் தங்குவதற்குப் பெட்டி கட்டியிருக்கிறோம். வாற குளிர்காலம் மொரோக்கோ போக விருப்பம். பின்னுக்கு இப்ப இரட்டை டயர். ஒற்றையாக மாற்றச் சொல்லுகினம். 365/80ஆர்20 போடுவதா, 395/85ஆர்20 போடுவதா? எந்தக் கம்பெனி நல்லது?

பதில்: கம்பெனியை அப்புறம் பார்க்கலாம். உங்கள் வண்டி எத்தனை கிலோ என்று நீங்கள் எழுதவே இல்லையே! தண்ணீர்த் தொட்டி, டீசல் இரண்டையும் நிரப்பி, சாமான், ஸ்டெப்னி, ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு எடை மேடைக்குப் போங்கள். முன் அச்சைத் தனியாக, பின் அச்சைத் தனியாக எடை போடுங்கள். முடிந்தால் இடப்பக்கம், வலப்பக்கமும் தனித்தனியாகப் பாருங்கள். பெட்டி கட்டியவர் சொல்லும் எடையை நம்பி டயர் வாங்காதீர்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், டயர் ஓரத்தில் அளவுக்குப் பக்கத்திலேயே ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். 152கே என்றிருந்தால் அந்த ஒரு டயர் 3,550 கிலோ தாங்கும், மணிக்கு 110 கிலோமீட்டர் வரை ஓடலாம். 168ஜி என்றால் 5,600 கிலோ, 90 கிலோமீட்டர். உங்கள் பின் அச்சு 6.5 டன் வருகிறது என்று வையுங்கள். ஒற்றையாக மாற்றினால் டயருக்கு 3,250 கிலோ. 152 போட்ட டயரில் மிச்சம் 300 கிலோதான். தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கத்து டயர் எல்லையைத் தாண்டியிருக்கும், உங்களுக்குத் தெரியாது. பெரிய டயரின் நன்மை இங்கேதான். அதே எடையைக் குறைந்த காற்றிலேயே தாங்கும், மணலில் உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

ஆனால் 365க்குப் பதில் 395 போட்டால் டயரின் விட்டம் ஏறக்குறைய 1,092 மில்லிமீட்டரிலிருந்து 1,180 ஆகிறது, கிட்டத்தட்ட 8 சதவீதம் கூடுதல். அந்த அளவுக்கு மேட்டில் இழுவை குறையும், ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும், ஸ்டீயரிங்குக்கும் சுமை ஏறும். முழுக்கத் திருப்பும்போது எங்கே உரசுகிறது என்றும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் மாற்றிய அளவைச் சோதனை செய்து வண்டிப் பத்திரத்தில் ஏற்றியாக வேண்டும், எனவே வாங்கும் முன்பே சோதனைக்காரரிடம் பேசிவிடுங்கள். பனிக்காலத்தில் அங்கிருந்து கிளம்புகிறீர்கள் என்பதால் இன்னொன்றும் உண்டு: 2024 அக்டோபரிலிருந்து எம்+எஸ் (சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் போதாது, மலைக்குள் பனிப்பூ போட்ட அடையாளம் டயரில் இருக்க வேண்டும்.

ஒற்றை டயருக்கு மாறுவது சரியான முடிவு. இரட்டை டயரின் நடுவே கல் சிக்கினால் இரண்டு டயரின் உள்பக்கத்தையும் அறுத்துவிடும். மணலில், முன் டயர் போட்ட தடத்திலேயே ஒற்றைப் பின் டயர் போகும். இரட்டை என்றால் புது மணலையும் உழுதுகொண்டு போக வேண்டும், என்ஜின் திணறும். நான்கு பக்கமும் ஒரே டயர், ஒரே ரிம் என்பதால் ஸ்டெப்னியும் எங்கே வேண்டுமானாலும் பொருந்தும். கம்பெனி என்று கேட்டால், மிஷ்லின் எக்ஸ்இசட்எல், காண்டினென்டல் எம்பிடி இரண்டுமே இந்த வேலைக்குப் பழகியவை. பெரிய பட்டன் (டயர் மேலுள்ள ரப்பர் கட்டைகள்) பார்க்க மிரட்டலாக இருக்கும், சேற்றுக்கு அது நல்லதுதான். மொரோக்கோவின் மெர்சூகா பக்கத்து மணல்மேட்டில் பட்டனைவிடக் காற்றுதான் பேசும்.

கேள்வி: ஓமனில் வஹிபா மணலில் உள்ள கேம்ப்புக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன், சொந்த ஊர் பரமக்குடி. மணலில் இறங்கும்போது எவ்வளவு காற்று இறக்கலாம்? மதியம் பார்த்தால் காற்று தானாகவே ஏறியிருக்கிறது, அதையும் திறந்துவிடலாமா?

பதில்: மதியம் ஏறியதைத் திறந்துவிடவே கூடாது. காலையில் 25 டிகிரியில் 6 பார் (காற்றழுத்த அளவு) வைத்திருந்த டயர் ஓடி 65 டிகிரி ஆனால் ஏறக்குறைய 7 பார் காட்டும். அது சூட்டினால் வந்தது. அதைத் திறந்துவிட்டால், ஆறியதும் 5 பார் சொச்சம்தான் இருக்கும். அப்படியே தார் ரோட்டில் வேகமாக ஓட்டினால் சைடுவால் (டயரின் பக்கச்சுவர்) ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி மடங்கி உள்ளே இருக்கும் கம்பி சூடேறி, கடைசியில் பக்கவாட்டில் நீளமாகக் கிழிந்து வெடிக்கும். காற்றைக் காலையில், வண்டி கிளம்பும் முன் அளந்து வையுங்கள்.

மணலுக்கு, பத்து டன் அளவு வண்டியில் ஒற்றை டயர் என்றால் ரோட்டில் 5.5 முதல் 6 பார், கரடுமுரடான மண் பாதையில் 4 பக்கம், மணலில் 2.5 பக்கம் என்று ஆரம்பிப்பார்கள். தண்ணீர் ஏற்றிய லாரி அதைவிட எடையாக இருக்கும், இரட்டை டயருக்குக் கணக்கும் வேறு. அதனால் இதை அப்படியே எடுக்காமல், டயர் கம்பெனி தரும் எடை–காற்று–வேகம் அட்டவணையைக் கேட்டு வாங்கி, வண்டிக்குள் ஒட்டி வையுங்கள். காற்று இறக்கினால் டயரின் தடம் அகலத்தில் கொஞ்சமும் நீளத்தில் நிறையவும் கூடுகிறது, அதனால்தான் புதையாமல் மிதக்கிறது. லிபியப் பாலைவனத்தைக் காரில் கடந்த ரால்ஃப் பாக்னால்டு 1930 வாக்கிலேயே காற்றைக் குறைத்துத்தான் மணலில் ஓட்டினார். 1942இல் வந்த டக் என்ற அமெரிக்க ராணுவ வண்டியில் ஓட்டுநர் இருந்த இடத்திலிருந்தே டயர் காற்றை ஏற்றி இறக்க முடிந்தது.

இறக்கிய பிறகு வேகம் 20, 30க்கு மேல் வேண்டாம். சட்டென்று ஒடித்துத் திருப்பினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். கல் நிறைந்த தரை வந்துவிட்டால் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள், தொங்கும் சைடுவாலைத்தான் கூரான கல் முதலில் அறுக்கும்.

மணலைத் தாண்டியதும் காற்று அடிக்காமல் ரோட்டில் ஏறக் கூடாது. பல லாரிகளில் ஏர் பிரேக்கின் ரெகுலேட்டரிலேயே டயருக்குக் காற்றுப் பிடிக்கும் வாய் இருக்கும். அதில் ஹோஸை மாட்டியும் காற்று வரவில்லை என்றால் பழுது என்று நினைக்காதீர்கள். டேங்க் நிறைந்ததும் கம்ப்ரசர் வெறுமனே சுற்றும். வண்டி நகராமல் கட்டை வைத்துவிட்டு, பிரேக்கை நாலைந்து தடவை மிதித்து டேங்க் காற்றை இறக்கினால் 'டப்' என்று மாறி, ஹோஸில் காற்று வரும்.

கேள்வி: ராணுவ ஏலத்தில் வந்த டயர், பட்டன் புதுசு போல இருக்கிறது, பாதி விலை. வாங்கலாமா? (ஒசூர் வாசகர்)

பதில்: தேதியைப் பாருங்கள். டாட் என்ற எழுத்துகளை அடுத்து வரும் வரிசையில் கடைசி நான்கு இலக்கம்: 2304 என்றால் 2004ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இருபது வருஷம் ஆன ரப்பரை நான் இலவசமாகக் கொடுத்தாலும் போட மாட்டேன். டார்ச் அடித்து, பட்டனுக்கு நடுவே பள்ளத்திலும், ரிம்மை ஒட்டிய இடத்திலும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வண்டியில் லாக் ரிங் (டயரைப் பிடித்து நிறுத்தும், தனியாகக் கழலும் இரும்பு வளையம்) உள்ள ரிம். வழியில் நாமே டயர் கழற்றலாம் என்கிறார்களே? வண்டி வருஷத்தில் பாதி நாள் சும்மா நிற்கிறது, அதற்கு என்ன செய்வது? (கோவை வாசகர்)

பதில்: கழற்றலாம். ஆனால் நட்டில் கை வைக்கும் முன், வால்வு பின்னை எடுத்துக் காற்று முழுக்க இறங்கியதா என்று பாருங்கள். மாட்டிய பிறகு காற்று அடிப்பது இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான். கூண்டு இல்லாத இடத்தில் ரிம்மைச் சுற்றிச் சங்கிலி கட்டி, நீள ஹோஸ் போட்டு, ரிங்குக்கு நேராக நிற்காமல் தள்ளி நின்று அடியுங்கள். சரியாக உட்காராத ரிங் பறந்து வந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். துருப்பிடித்த ரிங், வேறு ரிம்மின் ரிங் இரண்டையும் தொடாதீர்கள். சக்கரம் மாட்டி 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி முறுக்குங்கள்.

வண்டி நிற்கும் காலத்தில் டயருக்குரிய எல்லைக்குள் கொஞ்சம் கூடுதலாகக் காற்று வைத்து, வெயில் படாமல் துணியால் மூடுங்கள், முடிந்தால் அச்சுக்கடியில் ஸ்டாண்டு கொடுங்கள். பளபளப்புக்காக எண்ணெய் எதுவும் தடவாதீர்கள். பின்னால் தொங்கும் ஸ்டெப்னிக்கும் அதே வயதுதான் ஏறுகிறது, அதையும் மூடிவைத்து, டயர்களை இடம் மாற்றிப் போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.