விண்டோஸ், உபுண்டு, மேக்: மூன்றிலும் ஒரே தமிழ் ஆவணம் குலையாமல் இருக்க

கேள்வி: ஆய்வேட்டை வீட்டில் விண்டோஸ் 11-இல் வேர்டில் தட்டச்சு செய்கிறேன். கல்லூரி ஆய்வகத்தில் உபுண்டுவும் லிப்ரெஆபீஸும்தான். அச்சகத்தில் மேக். வீட்டில் 186 பக்கமாக இருப்பது கல்லூரியில் 203 ஆகிறது. தலைப்புகள் பக்கத்தின் அடியில் தனியாகத் தொங்குகின்றன. பழைய கட்டுரையிலிருந்து எடுத்து ஒட்டிய சில பத்திகள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன. எந்த மென்பொருளுக்கு மாறினால் இது தீரும்?

பதில்: மென்பொருளை மாற்றினால் தீராது. நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி எழுத்துருக் கோளாறு. வழக்கமாகக் கோப்பில் எழுத்துருவின் பெயர்தான் இருக்கும், எழுத்துரு இருக்காது. அந்தப் பெயரில் ஒன்று கணினியில் இல்லையென்றால், அது கைக்குக் கிடைத்ததைப் போட்டுக்கொள்ளும். விண்டோஸில் எப்போதும் இருப்பது நிர்மலா யூஐ. மேக்கில் தமிழ் சங்கம் எம்என், இணைமதி. லினக்ஸில் (உபுண்டு அதில் ஒரு வகை) லோஹித் தமிழ் அல்லது நோட்டோ. இவற்றின் அகலமும் உயரமும் வேறு வேறு. வரிக்கு ஒரு சொல் தள்ளிப்போனால் போதும், 186 பக்கம் 203 ஆகிவிடும்.

லதா என்ற எழுத்துருவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேர்டின் வழக்கமான தீமில் (எழுத்துரு, நிறங்களின் தொகுப்பு) தமிழுக்கென்று குறிக்கப்பட்டிருப்பது லதாதான். ஆனால் விண்டோஸ் 10-இலிருந்து லதாவும் விஜயாவும் கூடவே வருவதில்லை. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்பதைச் சேர்த்தால்தான் வரும். அதனால் இரண்டு விண்டோஸ் கணினிகளுக்கு நடுவிலேயே ஆவணம் குலைய வாய்ப்புண்டு. கலிப்ரிக்கு கார்லிட்டோ, டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப் என்று அளவு பிசகாத மாற்றுகள் லினக்ஸில் இருக்கின்றன. லதாவுக்கோ நிர்மலாவுக்கோ அப்படி ஒன்றை நம்பி இறங்க முடியாது.

ஆகவே முதல் வேலை, மூன்று இடத்திலும் சட்டப்படி நிறுவக்கூடிய ஓர் எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது. ஆய்வேட்டுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் நல்ல தேர்வு. கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. கூகுள் ஃபான்ட்ஸில் இறக்கினால் வரும் ஜிப் கோப்பில் ‘வேரியபிள்’ கோப்பும் (எல்லாத் தடிப்பும் ஒரே கோப்பில்), ‘ஸ்டேட்டிக்’ என்ற கோப்புறையும் (தடிப்புக்கு ஒரு கோப்பு) இருக்கும். ஸ்டேட்டிக் கோப்புறையிலுள்ள ரெகுலர், போல்டு இரண்டை மட்டும் எடுங்கள். வேரியபிள் கோப்பை வேர்டு சரியாகக் கையாளாது. தடித்த எழுத்து திரையில் ஒரு மாதிரியும் பிடிஎஃபில் வேறு மாதிரியும் வருவதற்கு இது ஒரு காரணம்.

விண்டோஸில் கோப்பின்மேல் வலது சொடுக்கு செய்து ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ கொடுங்கள். மேக்கிலும் உபுண்டுவிலும் இரட்டைச் சொடுக்கு செய்து இன்ஸ்டால் பொத்தானை அழுத்தினால் போதும், உபுண்டுவில் இதற்கு நிர்வாகி கடவுச்சொல்கூட வேண்டாம். நிறுவியதும் லிப்ரெஆபீஸை முழுவதுமாக மூடித் திறக்க வேண்டும். மூன்று கணினியிலும் ஒரே ஜிப்பிலிருந்து எடுத்த கோப்புகளாக இருக்கட்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் பதிப்பு மாறினால் எழுத்து அகலம் மாறலாம்.

அடுத்தது பலரும் தடுக்கி விழும் இடம். வேர்டும் சரி, லிப்ரெஆபீஸும் சரி, ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழுக்கு இன்னோர் எழுத்துரு என்று இரண்டு அறைகளில் வைக்கின்றன. தமிழ் ‘காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்’ அறையில் விழும். அளவும் தடிப்பும்கூட இரண்டு அறைக்கும் தனித்தனி. ஒன்றில் 11, மற்றதில் 12 என்று கிடந்தால், ‘நான் 11தானே வைத்தேன்’ என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜ் சென்று தமிழைச் சேருங்கள். பிறகு நார்மல் ஸ்டைலில் (ஸ்டைல் என்பது பெயரிட்டுச் சேமித்த வடிவமைப்பு) வலது சொடுக்கு, மாடிஃபை, ஃபார்மட், ஃபான்ட் என்று போனால் இரண்டு அறையும் தெரியும். லிப்ரெஆபீஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ் என்று போய் மொழிப் பகுதியில் ‘காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ கட்டத்தில் டிக் போட்டால்தான் ஸ்டைலில் தமிழ் அறை கண்ணில் படும். இரண்டிலும் ஒரே அளவைக் கொடுங்கள்.

எழுத்துரு ஒன்றானபின்னும் சில பக்கங்கள் கூடலாம். காரணம் வரி இடைவெளி. ‘சிங்கிள்’ என்பது நிலையான அளவு இல்லை. எழுத்துருவுக்குள் எழுதியிருக்கும் ஏற்ற இறக்க அளவுகளிலிருந்து கணக்கிடுவது. அந்த அளவுகள் எழுத்துருவுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்கும். எதை எடுப்பது என்பதில் மூன்று இயங்குதளங்களும் ஒத்துப்போவதில்லை. பத்தி அமைப்பில் லைன் ஸ்பேசிங்கை ‘எக்ஸாக்ட்லி’ என்று மாற்றி, 11 புள்ளி (பாயின்ட்) எழுத்துக்கு 17 புள்ளி கொடுத்துப் பாருங்கள். லிப்ரெஆபீஸில் இதன் பெயர் ‘ஃபிக்ஸ்டு’. இதற்கு ஒரு விலை உண்டு. வரியோடு வைத்த படம் 17 புள்ளி உயரத்துக்கு வெட்டுப்பட்டு ஒரு கீற்றாகத் தெரியும். படங்களுக்கென்று சிங்கிள் இடைவெளியுடன் தனி ஸ்டைல் ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள். 13, 14 என்று நெருக்கினால் ‘கூ’, ‘ஞூ’ போன்ற எழுத்துகளின் அடிப்பகுதி திரையில் நறுக்கப்படும்.

பக்க அளவையும் ஒருமுறை பாருங்கள். அமெரிக்க ஆங்கில அமைப்பில் திறந்த புதிய ஆவணம் லெட்டர் அளவில் (21.59 × 27.94 செ.மீ.) இருக்கும். நமக்கு வேண்டியது ஏ4 (21 × 29.7). தலைப்பு தனியாகத் தொங்குவதை என்டர் தட்டித் தள்ளிச் சரிசெய்யாதீர்கள், அடுத்த கணினியில் அது வேறு இடத்தில் போய் நிற்கும். ஹெடிங் ஸ்டைல் கொடுத்து அதில் ‘கீப் வித் நெக்ஸ்ட்’ டிக் போடுங்கள். புதிய இயலுக்குக் கன்ட்ரோல் என்டர். ஸ்மார்ட்ஆர்ட், வேர்டுஆர்ட், மிதக்கும் டெக்ஸ்ட் பாக்ஸ் ஆகியவை லிப்ரெஆபீஸ் போய்த் திரும்பினால் அப்படியே வராது. வரைபடங்களை 300 டிபிஐ படமாக்கி ‘இன் லைன் வித் டெக்ஸ்ட்’ என்று வையுங்கள். மூலக் கோப்பு கடைசிவரை வேர்டின் டாக்எக்ஸ் வடிவிலேயே இருக்கட்டும். ஒரு நாள் லிப்ரெஆபீஸின் ஓடிடி (.odt), ஒரு நாள் டாக்எக்ஸ் என்று மாற்றினால் ஸ்டைல்கள் கலைந்துபோகும்.

இனி அந்தக் குப்பைப் பத்திகள். அவை யூனிகோடுக்கு (ஒவ்வோர் எழுத்துக்கும் உலகம் முழுதும் ஒரே எண் தரும் முறை) முந்தைய எழுத்துருவில் அடித்தவை. அப்படிப்பட்ட பழைய எழுத்துருவான பாமினியில் தட்டிய ‘அம்மா’வை வேறு எழுத்துருவில் பார்த்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கும். கோப்பில் உண்மையில் இருப்பதே அந்த ஆங்கில எழுத்துகள்தான், பாமினி அவற்றுக்குத் தமிழ் உருவம் போர்த்தியது, அவ்வளவே. பாமினியைக் கல்லூரியிலும் நிறுவிச் சமாளிக்க வேண்டாம். தேடலும் அகரவரிசையும் வேலை செய்யாது. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் சரியான மூலக் குறியாக்கத்தை, அதாவது பத்தியை முதலில் அடித்த பழைய முறையை (பாமினி, டாப், டாம், டிஸ்கி, வானவில்) தேர்ந்து யூனிகோடாக்குங்கள். பத்தியில் நடுநடுவே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றை வெளியே எடுத்துவிட்டு மாற்றுங்கள், இல்லையேல் அவையும் தமிழ்க் கிறுக்கலாகும்.

மாற்றியபின் மெய்ப்பு பார்த்தே ஆக வேண்டும். ‘கொ’ என்பது க-வும் ஒற்றைக் குறியான ொ-வும் சேர்ந்து வர வேண்டும். சில மாற்றிகள் ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடும்போது அகப்படாமல் போகும். ‘கௌ’ வர வேண்டிய இடத்தில் கெ-வும் ள-வும் நிற்பதும் அடிக்கடி காணும் பிழை. உயிர்க்குறிக்கு அருகே புள்ளியிட்ட வட்டம் தெரிந்தால், அதற்கு முன் எழுத்து விடுபட்டிருக்கிறது அல்லது தவறாக ஓர் இடைவெளி புகுந்திருக்கிறது என்று பொருள்.

அச்சகத்துக்குப் பிடிஎஃப் கொடுங்கள், வேர்டு கோப்பைக் கொடுக்காதீர்கள். பிடிஎஃப் விண்டோஸில் எடுப்பது நல்லது. மேக் வேர்டில் எடுக்க நேர்ந்தால் ‘பெஸ்ட் ஃபார் பிரின்டிங்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே இருக்கும் மற்றொரு தேர்வு ஆவணத்தை இணையச் சேவைக்கு அனுப்பி மாற்றும், அங்கே உங்கள் எழுத்துரு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பிடிஎஃபை அக்ரோபாட் ரீடரில் திறந்து ப்ராப்பர்ட்டீஸ், ஃபான்ட்ஸ் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘எம்பெடட்’ (எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருக்கிறது) என்று இருக்க வேண்டும். அச்சகத்தார் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பக்கம் கட்டுவதாகச் சொன்னால், பாராகிராஃப் ஸ்டைலில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். அது இல்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

ஆய்வேடு முழுவதையும் மாற்றும் முன் ஒரு பக்கச் சோதனைக் கோப்பு செய்யுங்கள். அதில் கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ, ளூ, ஞூ, ஒரு தடித்த தலைப்பு, ஒரு அட்டவணை, ஒரு படம், ஆங்கிலமும் எண்ணும் கலந்த ஒரு வரி இருக்கட்டும். கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். மூன்று கணினியிலும் திறந்து ஒவ்வொரு வரியும் ஒரே சொல்லில் முடிகிறதா என்று ஒப்பிடுங்கள். எந்த வரி பிசகுகிறதோ அந்த வரியில் இருக்கும் எழுத்துருவின் பெயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.