தி பேர்ட்ஸ் படத்து கார்: ஜாகுவார் இல்லை, ஆஸ்டன் மார்ட்டின்

ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' (1963) படத்தில் நடிகை டிப்பி ஹெட்ரன் ஓட்டுவது ஜாகுவார் எக்ஸ்கே120 காரா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அது ஆஸ்டன் மார்ட்டின் டிபி2/4, துணிக்கூரை மடக்கும் டிராப்ஹெட் வகை. நிலையான கூரை உள்ள கூபே வகையே அரிது, இது அதைவிட அரிது.

நீண்ட பானெட், உருண்ட மட்கார்டு. தூரத்து ஷாட்டில் இரண்டு கார்களும் ஒன்று போலத் தெரிவதால்தான் குழப்பம் வந்திருக்கும்.

காரில் கூண்டுக்குள் இருக்கும் காதல் பறவைகள் சாலையின் வளைவுக்கு வளைவு சாயுமே, அந்தக் காட்சிக்குப் போய் நிறுத்திப் பாருங்கள்:

1. முன்கண்ணாடி. எக்ஸ்கே120-இல் நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருக்கும். படத்துக் காரில் வளைந்த ஒரே கண்ணாடி. இது ஒன்றே போதும்.
2. கிரில், அதாவது காரின் முன்பக்கக் கம்பித் தட்டி. ஜாகுவாரில் ஒடுங்கிய முட்டை வடிவம், செங்குத்துப் பட்டைகள். ஆஸ்டனில் அகலம், கிடைப் பட்டைகள்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், படத்தின் பிரதிக்குப் பிரதி மாறும். அப்புறம், ஆஸ்டனின் முந்தைய மாடலான டிபி2-வும் கிட்டத்தட்ட இதே முகம்தான். ஆனால் அதன் முன்கண்ணாடியும் இரண்டு துண்டு. அதனால் வேறு படத்தில் பார்த்தால் கிரிலை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள்.