இரத்தம் கொட்டும்போது கையை எடுக்காதீர்கள்

கேள்வி: 12 கிலோ எடையுள்ள எங்கள் நாட்டு நாய், உடைந்த கண்ணாடிப் பாட்டிலை மிதித்துவிட்டது. பாதத்திலிருந்து இரத்தம் கொட்டவே, காப்பித்தூளை அப்பிக் கயிற்றால் காலை இறுகக் கட்டினோம், அப்படியும் நிற்கவில்லை. பிறகு மருத்துவர் தையல் போட்டதால் பிழைத்தது. இத்தகைய நேரத்தில் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, மதுரை

பதில்: உங்கள் நாய் பிழைத்தது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. 12 கிலோ நாயின் உடலில் ஓடும் மொத்த இரத்தமே ஏறத்தாழ 1 லிட்டர்தான். ஒரு டம்ளர் அளவு தரையில் சிந்தினாலே அதற்கு அது பேரிழப்பு. 4 கிலோ பூனைக்கு மொத்தமே கால் லிட்டர்தான் இருக்கும்.

காப்பித்தூளும் மஞ்சள்தூளும் காயத்துக்குள் அழுக்காகத் தங்கி, தையல் போடுபவருக்கு வேலையைத்தான் கூட்டும். சுத்தமான பருத்தித் துணியை, பழைய வேட்டிக் கிழிசலானாலும் சரி, நான்காக மடித்துக் காயத்தின்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். ஐந்து நிமிடமாவது கையை எடுக்கக் கூடாது. பலரும் தவறுவது இங்கேதான்: நின்றுவிட்டதா என்று பார்க்க அடிக்கடி துணியைத் தூக்குவதால், அப்போதுதான் உறையத் தொடங்கிய இரத்தம் துணியோடு பிய்ந்து வந்து, காயம் மறுபடி திறந்துகொள்கிறது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். ஆழக் குத்தி நிற்கும் கண்ணாடியைப் பிடுங்காமல் அதைச் சுற்றி அழுத்துங்கள். இறுகக் கட்டிய கயிறு, கட்டுக்குக் கீழே இரத்தமே போகாமல் தடுத்துக் காலையே இழக்கச் செய்துவிடலாம். வலி தாங்காத நாய் வளர்த்தவரையும் கடிக்கும் என்பதால், முகத்தை அதன் வாய்க்கு அருகே கொண்டுபோகாதீர்கள்.

மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்திவிட்டுப் பாருங்கள்; வெளுத்த இடம் 2 நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். ஈறு கறுத்திருக்கும் நாய்களுக்குக் கீழிமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். ஈறோ இமையோ வெளிறிப்போயிருந்தாலும், இரத்தம் விட்டுவிட்டுப் பீறிட்டாலும், ஐந்து நிமிடம்கூடக் காத்திராமல் ஒருவர் காயத்தை அழுத்திப் பிடித்திருக்க மற்றவர் வண்டியை எடுக்க வேண்டும். புறப்படும்போதே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். வலிக்கிறதே என்று நம் வீட்டுப் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரைப் பறித்துவிடும்.

வெளிக்காயமே இல்லாமல் மூக்கிலோ மலத்திலோ இரத்தம் வந்தாலும் அவசரம்தான். உண்ணிக் காய்ச்சல் காரணமாக இருக்கலாம். சில நாள்களுக்கு முன் தின்ற எலி மருந்தாகவும் இருக்கலாம். அந்த மருந்தின் உறை கிடைத்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே கொடுக்க வேண்டுமா என்பதை மருத்துவர் விரைந்து முடிவு செய்ய அது உதவும்.